நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து, ஊரெல்லாம் கொரோனா: குடல் அழற்சி நோயாளிகளுக்கு என்ன ஆனது?

2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த இரண்டு வாரத்தில் இந்தியா முழுக்க ஊரடங்கு. அந்த நாட்களில் உலகின் எல்லா மூலைகளிலும் குடல் மருத்துவர்களிடம் நோயாளிகள் கேட்டது ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான்: "டாக்டர், நான் சாப்பிடுற மருந்து எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும்னு சொன்னீங்களே, இப்ப நிறுத்திடட்டுமா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. புதிய வைரஸ், தடுப்பூசி கிடையாது, மருந்து கிடையாது. உடம்பின் எதிர்ப்பு சக்திதான் ஒரே துணை என்று தொலைக்காட்சியில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த எதிர்ப்பு சக்தியைத் தினமும் ஒரு மாத்திரை போட்டு அடக்கிவைத்திருப்பவருக்கு எப்படி இருந்திருக்கும்? பலர் மருத்துவரைக் கேட்காமலேயே நிறுத்தினார்கள். ஊசி போட்டுக்கொள்ள மருத்துவமனைக்குப் போகவே பயந்து தள்ளிப்போட்டவர்களும் உண்டு.

அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் கிடைத்த தகவல்கள் அந்தப் பயத்தில் பாதியை நீக்கின. மீதிப் பாதி வேறு இடத்தில் இருக்கவேண்டியது என்று காட்டின. எந்த மருந்தைப் பார்த்துப் பயந்தோமோ அது பெரிதாகத் தீங்கு செய்யவில்லை. சாதாரணமாக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் ஒரு மாத்திரைதான் அதிகத் தீங்கோடு சேர்ந்து வந்தது. இது எப்படி என்று புரிய, முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

குடல் அழற்சி நோய் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக ஐபிடி என்பார்கள். இதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: பெருங்குடலின் உள்வரி மட்டும் புண்ணாகி வீங்குவது. மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும். மலத்தோடு ரத்தமும் சளியும் போவதும், ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல்கூடக் கழிப்பறைக்கு ஓடவேண்டியிருப்பதும் இதன் வழக்கமான முகம். இன்னொன்று குரோன் நோய்: வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம், நடுவே நல்ல பகுதிகளை விட்டுவிட்டு வரும், குடல்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். சிறுகுடல் முடியும் இடம் இதற்கு மிகவும் பிடித்த இடம். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் பணியாற்றிய பர்ரில் குரோனும் அவருடைய இரண்டு சக மருத்துவர்களும் 1932இல் இதை விவரித்து எழுதினார்கள். அந்த மருத்துவமனையின் பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும்.

நம் ஊரில் இந்த நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குள் பெரும்பாலும் நாள் கடந்துவிடுகிறது. ரத்தம் போனால் மூலம் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்ப்பார்கள். குரோன் நோய்க்கும் குடல் காசநோய்க்கும் குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் படத்தில்கூட வித்தியாசம் காண்பது சிரமம். அதனால் சிலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து ஓடும். டென்ஷனால் வயிறு கலக்குகிற 'ஐபிஎஸ்' என்ற தொந்தரவோடு பெயர் ஒற்றுமையால் குழப்பிக்கொள்பவர்களும் நிறைய. ஐபிஎஸ்ஸில் குடலில் புண் இருக்காது, ரத்தம் போகாது. ஐபிடியில் குடல் உண்மையிலேயே சேதமாகிறது.

சேதம் செய்வது யார்? உடம்பின் எதிர்ப்பு அமைப்பேதான். நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றோடு சண்டை போடாமல் இருக்க எதிர்ப்பு அமைப்புக்குப் பழக்கம் உண்டு. மரபணுக்களும் சூழலும் சேர்ந்து அந்தப் பழக்கம் கெடும்போது, அணையாமல் எரியும் அழற்சியாக அது மாறுகிறது. ஆக, இந்த நோயாளியின் எதிர்ப்பு சக்தி பிறவியிலேயே பலவீனமானது என்று நினைக்கத் தேவையில்லை. அது தேவையில்லாத இடத்தில் தேவைக்கு மேல் வேலை செய்கிறது. இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் பின்னால் வருவது எல்லாம் எளிதாகப் புரியும்.

இந்த நோய் முழுதாகக் குணமாவதில்லை. சில காலம் அடங்கியிருக்கும், சில காலம் கிளம்பும். சிகிச்சையின் நோக்கம் அதை அடங்கியே இருக்கவைப்பது.

வைரஸுக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு

கொரோனா வைரஸ் நுரையீரலைத் தாக்கும் கிருமி என்றுதான் அறிமுகமானது. ஆனால் அது நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்ற புரதம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று சிறுகுடல். குரோன் நோய்க்குப் பிடித்த அதே கடைசிப் பகுதியிலும் அது ஏராளம். தொற்று வந்தவர்களின் மலத்தில் வைரஸின் மரபணுத் துண்டுகள் இருப்பதும் ஆரம்பத்திலேயே தெரியவந்தது. வயிற்றுப்போக்கோடு வந்த நோயாளிகளும் இருந்தார்கள்.

புண்ணான குடல், அதில் வைரஸுக்கான கதவு, மேலே எதிர்ப்பை அடக்கும் மருந்து. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது மருத்துவர்களுக்கே கவலை வந்தது. முதல் ஆறுதல் வூஹானில் இருந்து வந்தது. அங்கே ஐபிடி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவந்த மருத்துவர்கள், தங்கள் நோயாளிகளிடையே தொற்று பெருகவில்லை என்று எழுதினார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் கவனமாக வீட்டுக்குள் இருந்ததும் அதற்குக் காரணமாக இருக்கலாம். பிறகு வெவ்வேறு நாடுகளில் பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோதும், ஐபிடி இருப்பதாலேயே ஒருவருக்குத் தொற்று வரும் வாய்ப்பு கூடுவதாகத் தெரியவில்லை.

ஏசிஇ2 கவலையும் நினைத்த அளவு நேர்க்கோட்டில் போகவில்லை. அழற்சி இருக்கும்போது சிறுகுடலில் அந்தப் புரதம் குறையவும் பெருங்குடலில் கூடவும் செய்கிறது என்றும், சிகிச்சையால் அழற்சி அடங்கும்போது அளவு இயல்பை நோக்கித் திரும்புகிறது என்றும் ஆய்வுகள் காட்டின. அதாவது மருந்து கதவைத் திறந்துவிடவில்லை.

மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல

'எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து' என்று ஒரே பெயரில் சொல்வதுதான் குழப்பத்தின் வேர் என்று நினைக்கிறேன். நோயாளியின் கையில் இருக்கும் மாத்திரைப் பட்டைகளும் ஊசிகளும் ஒன்றுக்கொன்று மிகவும் வேறானவை.

மெசலமின், சல்ஃபாசலசின் போன்றவை குடலின் உள்வரியிலேயே பெரும்பாலும் வேலை செய்கின்றன. உடம்பின் பொது எதிர்ப்பை இவை அடக்குவதாகக் கருதுவதில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் இவற்றைத்தான் எடுக்கிறார்கள்.

பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு வேறு வகை. நோய் கிளம்பும்போது வேகமாக அடக்கும், விலையும் குறைவு. ஆனால் அது எதிர்ப்பு அமைப்பின் ஏறத்தாழ எல்லாப் பிரிவுகளையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. அசதயோபிரின், ரத்த வெள்ளையணுக்கள் பெருகுவதைக் குறைக்கிறது. குறிப்பாக வைரஸை வேட்டையாடும் டி செல்களைப் பாதிக்கிறது. இந்தியாவில் பரவலாகப் பயன்படும் மருந்து இது. சில ஆசியர்களுக்கு மரபணு வேறுபாட்டால் வெள்ளையணு எண்ணிக்கை சட்டென்று விழுந்துவிடும் என்பதால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

இதற்கு அடுத்து 'பயாலஜிக்' எனப்படும் ஊசிகள். 1998இல் குரோன் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப் இவற்றில் முன்னோடி. டிஎன்எஃப் என்ற ஒரே ஒரு அழற்சிச் செய்தி மூலக்கூறை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. அடாலிமுமாபும் அதே வகை. வேடோலிஸுமாப் இன்னும் குறுகலானது; வெள்ளையணுக்கள் குடலுக்குள் நுழைவதை மட்டும் தடுக்கிறது. ஸ்டீராய்டு கொடுப்பது ஊர் முழுக்க மின்சாரத்தை நிறுத்துவது மாதிரி என்றால், இந்த ஊசிகள் ஒரு தெருவின் ஃப்யூஸை மட்டும் பிடுங்குவது மாதிரி.

நோயாளிகள் அதிகம் பயந்தது இந்த ஊசிகளைப் பார்த்துத்தான். விலை அதிகம், பெயர் புரியாது, மருத்துவமனையில் உட்காரவைத்து ஏற்றுகிறார்கள். அதனால் இதுதான் 'பவர்' அதிகமான மருந்து, இதுதான் ஆபத்து என்று தோன்றியது.

525 பேரின் கதை

2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய அதே நாட்களில், மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த ரையன் உங்காரோவும் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கப்பல்மனும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 'செக்யூர் ஐபிடி' என்ற பதிவேட்டைத் தொடங்கினார்கள். யோசனை எளிமையானது. உலகில் எந்த மூலையில் இருக்கும் மருத்துவரும், தன் ஐபிடி நோயாளிக்குக் கொரோனா வந்தால், பெயர் இல்லாமல் விவரத்தை இணையத்தில் பதிவு செய்யலாம்: வயது, என்ன மருந்து, வேறு நோய்கள், என்ன ஆனது. எந்த ஒரு மருத்துவமனையிலும் சில பேர்தான் இருப்பார்கள். எல்லா நாடுகளையும் சேர்த்தால் பதில் கிடைக்கும்.

அந்த ஆண்டே வெளிவந்த முதல் தொகுப்பில் 33 நாடுகளைச் சேர்ந்த 525 பேர் இருந்தார்கள். நடு வயது 43. இவர்களில் 7 சதவீதம் பேருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு, செயற்கைச் சுவாசம் அல்லது மரணம் என்ற மோசமான முடிவு. இறந்தவர்கள் 3 சதவீதம். வயது கூடக் கூட ஆபத்தும் கூடியது. ஒன்றுக்கு மேற்பட்ட வேறு நோய்கள் இருந்தால் இன்னும் கூடியது. இது எல்லோருக்கும் பொருந்தியதுதான்.

மருந்து வாரியாகப் பார்த்ததில்தான் செய்தி இருந்தது. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு மோசமான முடிவு வரும் சாத்தியம், எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், வயது முதலியவற்றைச் சரிக்கட்டிய பிறகும் ஏறத்தாழ 7 மடங்கு. இன்ஃப்ளிக்ஸிமாப் வகை ஊசி எடுத்தவர்களுக்கு அப்படி எந்தக் கூடுதலும் காணப்படவில்லை.

2021இல் 47 நாடுகளின் 1,439 பேரை வைத்து வந்த அடுத்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. அசதயோபிரின் வகை மாத்திரையைத் தனியாகவோ டிஎன்எஃப் ஊசியோடு சேர்த்தோ எடுத்தவர்களுக்கு, ஊசியை மட்டும் எடுத்தவர்களைவிடத் தீவிர நோயின் சாத்தியம் ஏறத்தாழ 4 மடங்கு இருந்தது. டி செல்களைத் தொடும் மருந்து என்பதால் இதை நம்புவது கடினமில்லை.

குழந்தைகளைப் பற்றியும் பதிவேடு சொன்னதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 23 நாடுகளின் 209 ஐபிடி குழந்தைகளில் மருத்துவமனையில் சேரவேண்டி வந்தது 7 சதவீதம் பேருக்கு. யாரும் இறக்கவில்லை.

இந்த எண்களை வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. பதிவேட்டுக்குத் தகவல் கொடுப்பது மருத்துவரின் விருப்பம். லேசாக வந்துபோன காய்ச்சலைவிட மோசமான நிலையில் படுத்தவரைப் பற்றித்தான் ஒருவர் நேரம் எடுத்து எழுதுவார். அதோடு, ஸ்டீராய்டு எடுப்பவர் யார்? பெரும்பாலும் நோய் கிளம்பியிருப்பவர். அவரது கெட்ட முடிவுக்கு மாத்திரை காரணமா, கிளம்பிய நோய் காரணமா? இத்தாலியில் 79 ஐபிடி நோயாளிகளைப் பார்த்த ஒரு ஆய்வில், கொரோனா வந்த நேரத்தில் குடல் நோய் கிளம்பியிருந்தவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. அனேகமாக இரண்டுக்கும் பங்கு உண்டு. முதல் தொகுப்பில் மெசலமின் எடுத்தவர்களுக்கும் கூடுதல் ஆபத்து தெரிந்தது. ஆனால் அந்த மருந்து எப்படி அதைச் செய்யும் என்பதற்கு நல்ல விளக்கம் இல்லை. ஒப்பீட்டில் ஒளிந்திருக்கும் வேறு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். மெசலமினை நிறுத்தச் சொல்லி எந்த முக்கிய வழிகாட்டுதலும் வரவில்லை.

பயந்த மருந்தே சிகிச்சையாக

கொரோனாவில் இறந்தவர்களில் பலரை முதல் வாரத்தில் வைரஸ் கொல்லவில்லை. இரண்டாம் வாரத்தில் அவர்களின் எதிர்ப்பு அமைப்பே கட்டுக்கடங்காமல் கிளம்பி நுரையீரலைச் சேதப்படுத்தியது. ஐபிடியில் குடலுக்கு நடப்பதன் வேகமான, கொடூரமான வடிவம் என்று இதைச் சொல்லலாம். டிஎன்எஃப் உட்பட அதே செய்தி மூலக்கூறுகள் அதிலும் பங்கெடுத்தன.

அப்படியானால் அழற்சியை அடக்கும் மருந்து கொரோனாவுக்கே உதவுமா? சோதித்துப் பார்த்தார்கள். 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகக் காட்டியது. பிரேசிலில் 289 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குக் கொடுக்கும் டோஃபாசிடினிப் மாத்திரை, மரணமோ சுவாசச் செயலிழப்போ நேர்ந்தவர்களின் விகிதத்தை 29 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தது. அமெரிக்க அரசின் ஆய்வொன்றில் இன்ஃப்ளிக்ஸிமாபையே கொரோனா நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். குணமாகும் நாட்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள், ஊசி பெற்றவர்களில் சுமார் 10 சதவீதம், பெறாதவர்களில் 14.5 சதவீதம். எந்த ஊசிக்குப் போகப் பயந்து வீட்டில் இருந்தார்களோ, அதே ஊசி.

இங்கே ஒரு கேள்வி எழும். ஸ்டீராய்டு 7 மடங்கு ஆபத்து என்று இப்போதுதான் படித்தோம், உயிரைக் காப்பாற்றியது என்கிறீர்களே? நேரம்தான் பதில். வைரஸ் உள்ளே நுழைந்து பெருகும் முதல் நாட்களில் எதிர்ப்பு அமைப்பு முழு விழிப்போடு வேண்டும். அப்போது உடம்பில் ஏற்கெனவே ஸ்டீராய்டு இருந்தால் வைரஸுக்கு வசதி. ஆக்ஸிஜன் தேவைப்படும் இரண்டாம் கட்டத்தில் பிரச்சினை வைரஸைவிட அழற்சி. அப்போது அதே மருந்து மருத்துவமனையில், அளவாக, பத்து நாட்கள்வரை. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்ஸாமெத்தசோனால் பலன் இல்லை என்பதையும் அதே ரெக்கவரி ஆய்வு காட்டியது. 2021இல் இந்தியாவின் இரண்டாம் அலையில் இந்த வேறுபாட்டை மறந்து வீட்டிலேயே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் ஏராளம். சர்க்கரை நோயோடு அதுவும் சேர்ந்து கரும்பூஞ்சை நோய்க்கு வழி வகுத்தது. முன்பு நோய் கிளம்பியபோது வாங்கிய பிரெட்னிசலோன் பட்டை வீட்டில் மீதி இருக்கும் ஐபிடி குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்

மருந்தை நிறுத்திய அன்று ஒன்றும் ஆகாது. அதுதான் ஏமாற்றுகிறது. அசதயோபிரின் போன்றவை மெதுவாக வேலை செய்யத் தொடங்கி, மெதுவாகவே விலகுகின்றன. வாரங்கள் நன்றாகப் போகும். பிறகு ஒரு நாள் ரத்தம் வரும்.

ஊசியை இடைவெளி விட்டால் இன்னொரு சிக்கல் உண்டு. இன்ஃப்ளிக்ஸிமாப் வழக்கமாக 8 வாரத்துக்கு ஒருமுறை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பப் போட்டால், உடம்பு அந்த மருந்தையே அந்நியப் பொருளாக நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கியிருக்கக்கூடும். அப்புறம் மருந்து வேலை செய்யாது, சில நேரம் ஒவ்வாமையும் வரும். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு மருந்தை நிரந்தரமாக இழப்பது சின்ன விஷயம் இல்லை. இருப்பதே சில மருந்துகள்தான்.

இனி இந்தச் சங்கிலியைப் பாருங்கள். கொரோனாவுக்குப் பயந்து மருந்தை விட்டார். நோய் கிளம்பியது. கிளம்பிய நோயை வேகமாக அடக்க ஸ்டீராய்டு வேண்டும். அதாவது அதிக ஆபத்தோடு சேர்ந்து வந்த மருந்துக்கே போய்ச் சேர்ந்தார், அதுவும் குடல் நோய் முற்றியிருக்கும்போது, மருத்துவமனைப் படுக்கையில், தொற்று அதிகமாக இருக்கும் இடத்தில். கிளம்பிய குடல் நோய் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்தையும் கூட்டுகிறது. கொரோனாவும் அதையே செய்கிறது. 2020 ஏப்ரலிலேயே ஐபிடிக்கான சர்வதேச நிபுணர் குழு, தொற்று இல்லாதவர்கள் சிகிச்சையைத் தொடரவேண்டும், ஸ்டீராய்டு அளவை மட்டும் முடிந்தவரை நாளுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

ஸ்டீராய்டைக் குறைப்பது என்றால் மருத்துவர் சொல்லும் படிகளில் குறைப்பது. சில வாரங்கள் தொடர்ந்து ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி, தன் வேலையை மாத்திரை பார்த்துக்கொள்கிறது என்று ஓய்ந்திருக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் நேரத்தில் இது இன்னும் மோசம்.

மருத்துவமனைக் கதவு மூடியபோது

வைரஸ் தொடாமலேயே இந்த நோயாளிகளைப் பெருந்தொற்று வேறு வழியிலும் வருத்தியது. ஐபிடி என்பது தொடர்ந்து கண்காணிக்கவேண்டிய நோய். கொலனோஸ்கோப் வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும். பிரிட்டனில் 2020 வசந்த காலத்தில் ஸ்கோப் பரிசோதனைகள் ஒரு கட்டத்தில் வழக்கமான அளவில் 5 சதவீதமாக விழுந்தன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பல ஆண்டுகள் நீடித்தால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து உண்டு என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கோப் பார்ப்பது வழக்கம். அதுவும் தள்ளிப்போனது. இந்தியாவில் ஊரடங்கு அறிவிக்கப்பட்ட மறுநாளே, 2020 மார்ச் 25இல், தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. வீடியோவில் மருத்துவரைப் பார்ப்பது அதிலிருந்துதான் பரவலானது. மாவட்டத் தலைநகருக்கு மூன்று மணி நேரம் பஸ் ஏறிவந்த நோயாளிக்கு அது உண்மையான உதவி. ஆனால் பஸ் ஓடாத நாட்களில் மருந்து எப்படி வந்து சேரும் என்பதற்கு வீடியோவில் பதில் இல்லை.

பெரிய ஆய்வுகளில் வராத ஒரு துன்பமும் உண்டு. இந்த நோயாளிக்கு வெளியே போவது என்றால் முதல் கேள்வி 'அங்கே கழிப்பறை எங்கே' என்பது. ஹோட்டல், பெட்ரோல் பங்க், ரயில் நிலையம் என்று மனதுக்குள் ஒரு வரைபடம் வைத்திருப்பார். ஊரடங்கில் எல்லாம் மூடின. திறந்தபிறகும் வெளியாட்களை உள்ளே விடத் தயங்கினார்கள். நோயை வெளியே சொல்லக் கூசும் ஒரு சமூகத்தில், குறிப்பாகப் பெண்களுக்கு, இது எவ்வளவு பெரிய சிறை என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். வீட்டில் இருந்தே வேலை என்பது சிலருக்கு இதனாலேயே பெரிய நிம்மதியாகவும் இருந்தது.

பேதி வந்தால் அது எது?

திடீரென்று வயிற்றுப்போக்கு. கொரோனாவா, குடல் நோய் கிளம்புகிறதா? வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. காய்ச்சல், தொண்டை வலி, வாசனை தெரியாமை, வீட்டில் வேறு யாருக்காவது தொற்று ஆகியவை இருந்தால் கொரோனா பக்கம் சந்தேகம். ரத்தம், சளி, இரவில் எழுப்பும் பேதி என்றால் குடல் நோய் பக்கம். குடல் அழற்சியை அளக்க மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், கொரோனாவால் பேதியாகும்போதும் அது கூடலாம். அதனால் கொரோனா பரிசோதனையை முதலில் செய்துவிட்டு, அது இல்லை என்று தெரிந்தபின் ஸ்டீராய்டு தொடங்குவதுதான் விவேகம்.

ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில், கொரோனா வந்துபோன 46 ஐபிடி நோயாளிகளின் குடல் திசுவைச் சுமார் 7 மாதம் கழித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 70 சதவீதம் பேரிடம் வைரஸின் மரபணுத் துண்டுகள் இன்னும் இருந்தன. உயிருள்ள வைரஸ் வளர்ந்து வரவில்லை. தொற்றுக்குப் பிறகும் நீடிக்கும் சோர்வு முதலிய தொந்தரவுகளுக்கும் இந்த மிச்சங்களுக்கும் தொடர்பு தெரிந்தது.

தடுப்பூசி பற்றி

தடுப்பூசி வந்தபோது பழைய கேள்வியே வேறு சட்டை போட்டு வந்தது: எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு ஊசி போடலாமா, போட்டால் பலிக்குமா?

போடலாம். உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசிகளைத்தான் இவர்கள் தவிர்க்கவேண்டும். தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகள் அந்த வகை. இந்தியாவில் 2021 ஜனவரி 16 முதல் போடப்பட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் உடம்பில் பெருகக்கூடிய வைரஸைக் கொண்டவை இல்லை. ஃபைசரும் அப்படியே.

பலிப்பது பற்றி, பிரிட்டனின் 'கிளாரிட்டி ஐபிடி' ஆய்வு விரிவாகப் பார்த்தது. 92 மருத்துவமனைகள், ஏறத்தாழ 7,000 நோயாளிகள். இன்ஃப்ளிக்ஸிமாப் எடுப்பவர்களையும் வேடோலிஸுமாப் எடுப்பவர்களையும் ஒப்பிட்டது. முதல் வகையினருக்கு ஒரு டோஸுக்குப் பிறகு உண்டான ஆன்டிபாடி குறைவாக இருந்தது. இரண்டாம் டோஸுக்குப் பிறகு, அல்லது ஏற்கெனவே தொற்று வந்திருந்தால் ஒரு டோஸிலேயே, பெரும்பாலோருக்கு நல்ல அளவு வந்தது. இயற்கையாகத் தொற்று வந்தவர்களிலும் இதே கதை: வேடோலிஸுமாப் எடுப்பவர்களில் 83 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி உண்டானது, இன்ஃப்ளிக்ஸிமாப் எடுப்பவர்களில் 48 சதவீதம் பேருக்கு மட்டுமே.

ஆக, இன்ஃப்ளிக்ஸிமாப் வகை ஊசிகள் ஒரு இடத்தில் உண்மையாகவே குறுக்கே நின்றன. தொற்றை மோசமாக்குவதில் இல்லை, தடுப்பூசியின் ஞாபகத்தைக் குறைப்பதில். அதற்கு விடை மருந்தை நிறுத்துவது இல்லை, ஒரு டோஸ் கூடுதலாகப் போடுவது. 2021 ஆகஸ்டில் அமெரிக்காவும் செப்டம்பரில் பிரிட்டனும் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு மூன்றாவது டோஸைப் பரிந்துரைத்தன. இந்தியாவில் கூடுதல் டோஸ் 2022 ஜனவரி 10இல் தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர், இணைநோய் உள்ள 60 வயதைக் கடந்தவர்கள் என்றுதான் வரிசை இருந்தது. மருந்தால் எதிர்ப்பு குறைந்த முப்பது வயதுக்காரர் அந்த வரிசையில் இல்லை. இருந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.

இப்போது தொற்று வந்தால்

2023 மே 5இல் உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை முடித்துக்கொண்டது. வைரஸ் போகவில்லை, அவ்வப்போது வந்துபோகிறது. ஐபிடி உள்ளவருக்குக் காய்ச்சல் வந்து கொரோனா என்று தெரிந்தால், முதலில் தன் குடல் மருத்துவரிடம் பேசவேண்டும். மெசலமின் வழக்கம்போலத் தொடரும். அசதயோபிரின், டோஃபாசிடினிப் போன்றவற்றைச் சில நாட்கள் நிறுத்திவைக்கவும், அடுத்த பயாலஜிக் ஊசியைக் குணமாகும் வரை தள்ளிவைக்கவும் மருத்துவர் சொல்லக்கூடும். இந்தக் குறுகிய இடைவெளி, பயந்து மாதக்கணக்கில் விடுவதிலிருந்து முற்றிலும் வேறானது. மறுபடி எப்போது தொடங்குவது என்ற தேதியோடு வருவது. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிலருக்குக் குடல் நோயைக் கிளப்பிவிடும் என்பதால் விலக்குவது நல்லது.

வயதானவர்களுக்கும் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் சில நேரம் பாக்ஸ்லோவிட் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எழுதுவார்கள். அதில் உள்ள ரிட்டோனாவிர், கல்லீரல் பல மருந்துகளைக் கரைத்து வெளியேற்றும் வேலையைத் தடுக்கிறது. ஐபிடிக்கு எடுக்கும் டோஃபாசிடினிப், புடெசனைட் என்ற ஸ்டீராய்டு ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் இதனால் கூடிவிடும். காய்ச்சலுக்குப் பார்க்கும் தெருமுனை டாக்டருக்கு உங்கள் குடல் மருந்துப் பட்டியல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசி போட்ட தேதி, ஸ்டீராய்டு எடுத்தால் எத்தனை மில்லிகிராம் என்று ஒரு தாளில் எழுதி மருந்து டப்பாவிலேயே வையுங்கள், செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் மருந்து எழுதத் தொடங்கும் முன் அதைக் காட்டுங்கள்.